மினியின் சூப்பர்சார்ஜர், மாஸ்டாவின் இன்ஜின், நடுவில் ஒரு பெல்ட்

சூப்பர்சார்ஜர், அதாவது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் ஊதி, வாங்குவது சுலபம். 2002 முதல் 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ் கார் ஒவ்வொன்றிலும் ஈட்டன் நிறுவனத்தின் எம்45 சூப்பர்சார்ஜர் ஒன்று இருந்தது. அந்தக் கார்களில் பல இப்போது துருப்பிடித்தோ, இடிபட்டோ, கியர்பாக்ஸ் போயோ உடைப்புக்கு வந்துவிட்டன. பிரிட்டனில் பழைய பாகம் விற்கும் இடங்களில் இரண்டு நல்ல டயர் விலைக்கு ஓர் எம்45 கிடைத்துவிடுகிறது. கஷ்டம் அதற்கப்புறம்தான். நாம் எந்த இன்ஜினில் அதை மாட்டப் போகிறோமோ, அந்த இன்ஜினைச் செய்தவர்கள் இப்படி ஒன்று வரும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். தாங்க பிராக்கெட் கிடையாது. சுற்ற புல்லி கிடையாது. காற்று போகக் குழாய் கிடையாது. எல்லாவற்றையும் செய்ய வேண்டும்.

நான் இருப்பது கோவென்ட்ரியில். என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் 1990-இல் செய்த யூனோஸ் ரோட்ஸ்டர் இருக்கிறது. உலகம் எம்எக்ஸ்-5 என்று அழைக்கும் மாஸ்டாவின் இரண்டு சீட் கார்தான். ஜப்பானில் அதை யூனோஸ் என்ற பெயரில் விற்றார்கள். 1.6 லிட்டர் இன்ஜின், சுமார் 115 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. வளைவுகளில் அதைப்போல் சொன்ன பேச்சு கேட்கும் கார் அந்த விலையில் இல்லை. நேர்ச் சாலையில் மேடு வந்தால் மட்டும் மூச்சு வாங்கும். நண்பருக்கு ரேஸுக்குப் போகும் ஆசையெல்லாம் இல்லை. மேட்டில் கியர் குறைக்காமல் ஏற வேண்டும், அவ்வளவுதான். அவருக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியும், எனக்குக் கணக்குப் போடவும் வரையவும் தெரியும். லேத்துக்கு ஒரு பெரியவர் கிடைத்தார். வாழ்நாள் முழுக்க டூல்மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டுக்குப் பின்னால் ஒரு லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் வைத்திருக்கிறார்.

டர்போ போட்டால் என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். திறன் அதிகம் கிடைக்கும், சந்தேகமில்லை. ஆனால் டர்போ, எக்ஸாஸ்ட் புகையால் சுற்றும் ஊதி. அதற்குப் புது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வேண்டும், ஆயில் போக ஒரு குழாய், திரும்பி வர ஒரு குழாய், சுற்றிலும் சிவக்கச் சூடாகும் இரும்பு. சூப்பர்சார்ஜரைப் பெல்ட் ஒன்று கிராங்க்கோடு, அதாவது இன்ஜினின் சுழலும் அச்சோடு, கட்டிப் போட்டிருக்கிறது. 2,000 ஆர்பிஎம்மில் மிதித்தாலும் அந்தக் கணமே தள்ளும். எம்45-க்கு வேண்டிய கொஞ்சம் ஆயில் அதற்குள்ளேயே அடைத்து வருகிறது. இன்ஜின் ஆயிலோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. மேடு ஏறத்தான் வண்டி என்றால் இதுவே பொருத்தம் என்பது என் கட்சி.

வேறொரு வண்டியிலிருந்து சூப்பர்சார்ஜரைக் கழற்றி மாட்டுவது புதிய பைத்தியம் இல்லை. வேகத்துக்காக மாற்றியமைத்த அமெரிக்க ஹாட் ராட் கார்களில் பானெட்டுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் அந்தப் பெரிய பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் 6-71. ஜெனரல் மோட்டார்ஸ் 1938-இல் கொண்டுவந்த இரண்டு ஸ்ட்ரோக் டீசல் இன்ஜினின் பெயர் அது: ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம். லாரி, பஸ், இரண்டாம் உலகப் போரில் கரையிறங்கும் படகு என்று எல்லாவற்றிலும் ஓடியது. இரண்டு ஸ்ட்ரோக் டீசல் தானாக மூச்சு விடாது. பழைய புகையை வெளியே தள்ளிப் புதுக் காற்றை உள்ளே விட ஓர் ஊதி வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பெட்டி. போர் முடிந்ததும் உபரிச் சாமான்களாக அவை குவிந்தன. பார்னி நவாரோ போன்ற கலிஃபோர்னியாக்காரர்கள் அதே குடும்பத்தின் சின்ன ஊதியான 3-71-ஐ எடுத்து ஃபோர்டின் வி8 இன்ஜின் மேல் ஏற்றினார்கள். அவர்களுக்கும் பிராக்கெட், புல்லி, மேனிஃபோல்டு எதுவும் கடையில் கிடைக்கவில்லை. பிற்பாடு அவையெல்லாம் விற்பனைக்கு வந்து ஒரு தொழிலாகவே ஆனது வேறு கதை.

அந்தப் பெட்டிக்கும் எம்45-க்கும் மூலம் ஒன்றே. இண்டியானாவைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை எடுத்த ஊதி. உள்ளே இரண்டு உருளைகள் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராகச் சுற்றும். கரும்புச் சாறு பிழியும் மெஷின் போல நடுவில் நசுக்கித் தள்ளுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. காற்று நடுவில் போவதே இல்லை. உருளையின் பள்ளத்தில் அடைபட்டு, ஓரச் சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போகிறது. ஊதிக்குள் எதுவும் அமுங்குவதில்லை. வெளியே இன்ஜின் விழுங்குவதைவிட அதிகக் காற்றைக் கொண்டு போய்க் கொட்டுவதால்தான் மேனிஃபோல்டில், அதாவது காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து விடும் குழாயில், அழுத்தம் ஏறுகிறது. எம்45-இல் ஒவ்வோர் உருளைக்கும் மூன்று மடல்கள் (புடைப்புகள்), நீளவாக்கில் 60 டிகிரி முறுக்கல். அந்த முறுக்கல் துடிப்பையும் சத்தத்தையும் குறைப்பதற்கு.

வேறு சூப்பர்சார்ஜர்களையும் யோசித்தோம். டொயோட்டாவின் எஸ்சி12-க்கு ஏசி கம்ப்ரஸரில் இருப்பதுபோல மின்காந்த கிளட்ச் உண்டு. வேண்டாதபோது சுற்றாமல் நிறுத்தலாம். ஆனால் இரண்டு மடல் உருளை, பழைய பொருள், நல்ல நிலையில் கிடைப்பதில்லை. ‘கம்ப்ரஸர்’ என்ற பெயரில் வந்த மெர்சிடிஸ் கார்களின் சூப்பர்சார்ஜரான எம்62 நம் 1.6 லிட்டருக்குக் கொஞ்சம் பெரிது. ஹோண்டா வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: பழைய பி சீரிஸ் இன்ஜின்கள் மற்றவர்களுக்கு எதிர்த் திசையில் சுற்றும். அதில் எம்45-ஐ அப்படியே மாட்டினால் காற்றை இன்ஜினிலிருந்து உறிஞ்சி வெளியே விடும். நல்லவேளை, மினியும் மாஸ்டாவும் முன்னாலிருந்து பார்த்தால் ஒரே பக்கம்தான் சுற்றுகின்றன.

சரி, கணக்குக்கு வருவோம். எம்45 ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது சுமார் 737 சிசி காற்றைத் தள்ளுகிறது. நான்கு ஸ்ட்ரோக் 1.6 லிட்டர் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு 1.6 லிட்டர் குடிக்கும். ஒரு சுற்றுக்கு 0.8 லிட்டர். கிராங்க் ஒரு முறை சுற்ற, சார்ஜரும் ஒரு முறை சுற்றினால் பூஸ்ட்டே, அதாவது கூடுதல் அழுத்தமே, வராது, இன்ஜினுக்கு மூச்சுத்தான் திணறும். மினியில் கிராங்க்கைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் அதைச் சுற்றவிட்டார்கள். ஆனால் மினி இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது, 8.3. பூஸ்ட்டுக்காகவே தாழ்த்தியது. மேலே, தள்ளிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் உண்டு. மாஸ்டாவின் விகிதம் 9.4, அதே அளவு அடைத்தால் நாக்கிங் வந்து, அதாவது பெட்ரோல் நேரம் தவறி வெடித்து, பிஸ்டனைத் தின்றுவிடும். ஆகவே 1.6 மடங்கு என்று முடிவு செய்தோம். 737-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 1.18 லிட்டர், இன்ஜின் கேட்பது 0.8. கசிவும் சூடும் போக நடைமுறையில் சுமார் 0.4 பார், அதாவது வெளிக் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 0.4 பங்கு, கூடுதல் அழுத்தம் வரும். 7,000 ஆர்பிஎம்மில் சார்ஜர் 11,200-இல் சுற்றும். மினியில் 14,000 வரை போன பொருளுக்கு இது ஓய்வு மாதிரி.

இந்த 0.4 பார் என்ற எண்ணுக்குப் பின்னால் சூடும் இருக்கிறது. ரூட்ஸ் ஊதி அமுக்காமல் கொட்டுவதால் காற்றை வீணாகச் சூடாக்கும். அதன் திறமையை 55 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 20 டிகிரியில் உள்ளே போகும் காற்று 0.4 பாரில் 74 டிகிரியில் வெளியே வருகிறது. இன்டர்கூலர் இல்லாமல் சமாளிக்கக்கூடிய எல்லை ஏறக்குறைய இதுதான். அமெரிக்காவில் இதே காருக்கு எம்45 வைத்துக் கிட் விற்ற ஜாக்சன் ரேசிங்கும் இன்டர்கூலர் இல்லாமல் இதே அளவுக்கு அருகில்தான் நின்றார்கள். எங்களுக்கு அது தைரியம் தந்தது.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றைப் பார்க்க வேண்டியிருந்தது. இந்தக் காரின் ஆரம்ப கால 1.6 இன்ஜின்களில் கிராங்க் ஷாஃப்ட்டின் முன் மூக்கு குட்டை. புல்லியைப் பிடித்திருக்கும் சாவிப் பள்ளம் தேய்ந்து, புல்லி ஆடத் தொடங்கி, டைமிங்கே தப்பிப்போகும் வியாதி அதற்குண்டு. மாஸ்டா சீக்கிரமே மூக்கை நீட்டித் தடிமனாக்கியது. எது எது என்று அறிய இன்ஜினைப் பிரிக்க வேண்டாம்: புல்லியின் நடுக் குடத்தில் நான்கு பிளவு இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் நீள மூக்கு. டார்ச் அடித்துப் பார்த்தோம். நான்கு. நாங்கள் செய்யப் போவதோ அதே மூக்கின் முனையில் இன்னொரு புல்லியைத் தொங்கவிட்டு இழுக்கும் வேலை. நண்பர் ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பிறகு நீள மூக்கு உள்ள பிற்கால 1.6 இன்ஜின் ஒன்றை வாங்கி வந்து மாற்றினார். இதை மாட்டும் யோசனை உள்ளவர்கள் சூப்பர்சார்ஜர் வாங்கும் முன்பே அந்தப் பிளவுகளை எண்ணிவிடுங்கள்.

எதைச் செய்வது, எதை வாங்குவது என்பதில் பெரியவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. நான் முதலில் கொடுத்த வரைபடத்தில் சார்ஜர் புல்லி, பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லி, அதை இறுக்கி வைக்கும் டென்ஷனர் எல்லாமே புதிதாகக் கடைவதாக இருந்தன. பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “தேயக்கூடியது எதையும் நான் செய்து தர மாட்டேன். நான் போன பிறகு யாரிடம் போவீர்கள்?” பெல்ட், பேரிங், ஐட்லர், டென்ஷனர், சார்ஜரின் புல்லி, சீல்: இவையெல்லாம் ஏதாவதொரு காரின் பாகமாகக் கடையில் கிடைப்பவையாக இருக்க வேண்டும். தகடு, பிராக்கெட், கிராங்க் புல்லி, காற்று சேரும் பெட்டியான பிளெனம்: தேயாத இவற்றை மட்டும் செய்யலாம். இப்போது யோசித்தால் இந்த முழு வேலையிலும் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த யோசனை அதுதான். இணையத்தில் மினுமினுக்கும் தனிப்பயன் பாகங்களோடு படம் போடும் பல கார்கள் மூன்றாம் வருஷம் ஓடாமல் கிடப்பதற்குக் காரணம், ஒரு பேரிங் போனால் அந்த அளவில் இன்னொன்று கிடைக்காததுதான் என்று நினைக்கிறேன்.

அதன்படி மினியின் சார்ஜர் புல்லியை அப்படியே வைத்துக்கொண்டோம். அது ஷாஃப்ட்டில் இறுக்கி அடித்தது, கழற்றுவதும் லேசில்லை. ஆறு வரி பெல்ட், அதாவது 6பிகே. வரிக்கு வரி 3.56 மிமீ. அந்தப் புல்லியின் விட்டத்தை 1.6-ஆல் பெருக்கினால் கிராங்க்கில் மாட்ட வேண்டிய புல்லியின் விட்டம். அலுமினியக் கட்டையிலிருந்து பெரியவர் கடைந்தார். மாஸ்டாவின் பழைய புல்லியை அவர் தொடவில்லை. அதன் முகத்தில் உள்ள நான்கு சின்ன போல்ட்களிலேயே இதையும் சேர்த்து மாட்டும்படி, நடுத்துளையில் இறுக்கமாக உட்காரும் ஒரு கழுத்தோடு செய்தார். போல்ட் துளையை நம்பி மையம் பிடிக்கக் கூடாது, கழுத்துதான் மையம் பிடிக்க வேண்டும் என்பார். மாட்டி, டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தால் முள் 0.03 மிமீக்கு மேல் அசையவில்லை. பெரியவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

எம்45-இன் பின்பக்கத்தில் இன்னொரு சங்கதி உண்டு. மினியில் தண்ணீர் பம்பைச் சுற்றுவது சூப்பர்சார்ஜர்தான். அதன் பின்முனையில் ஒரு சின்னப் பல்சக்கரக் கூடு இருக்கிறது. முன்பக்கம் ஓர் ஆயில் அறை, பின்பக்கம் ஓர் ஆயில் அறை. பழைய சார்ஜர் வாங்கும்போது பலர் முன்பக்கப் பேரிங்கை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகக் காசு கொடுக்கிறார்கள். ஆனால் வயதான மினிகளில் ஆயில் வற்றிப் போவது பெரும்பாலும் பின்னால்தான். எங்களுடையதைப் பிரித்தபோது பின் அறையில் கருப்பாக ஒரு ஸ்பூன் அளவுதான் மிச்சம். அந்த ஆயிலின் நாற்றத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நமக்குத் தண்ணீர் பம்ப் வேலை தேவையில்லை என்பதால் அந்தப் பல்சக்கரத்தை எடுத்துவிட்டு, ஓ-ரிங் பள்ளம் வெட்டிய ஓர் அலுமினிய மூடியைப் போட்டு, புது ஆயில் நிரப்பி அடைத்தோம்.

பிராக்கெட்டுக்கு முதலில் அட்டை. காலணிப் பெட்டி, அப்புறம் மெல்லிய பிளைவுட், அப்புறம்தான் அலுமினியம். கம்ப்யூட்டரில் எவ்வளவு அழகாக வரைந்தாலும் பானெட் மூடும்போது எது எதில் இடிக்கும் என்பதை அட்டைதான் சொல்லும். இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்று, சார்ஜர் முழுக்க இன்ஜினில்தான் உட்கார வேண்டும். பாடியில் ஒரு போல்ட் கூடப் போகக் கூடாது. இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் ஆடுகிறது, பாடி ஆடாது. இரண்டு, பிளாக்கிலும் (இன்ஜினின் அடிக் கட்டை) ஹெட்டிலும் (அதன் மேல் மூடி) ஒரே சமயத்தில் இறுக்கிக் கட்டக் கூடாது. இந்த இன்ஜினின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். 300 மிமீ நீளத்துக்கு, 70 டிகிரி சூடேறினால் அலுமினியம் இரும்பைவிடக் கால் மில்லிமீட்டர் அதிகம் நீளும். கால் மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு முறை இன்ஜின் சூடாகி ஆறும்போதும் அது பிராக்கெட்டை இழுத்து விடுகிறது; ஒரு நாள் வெல்டிங் ஓரத்தில் முடி அளவு கீறல் விழும். ஆகவே சார்ஜர் பிளாக்கில். பிளெனம் ஹெட்டில். நடுவில் தடித்த சிலிக்கோன் குழாய்.

பிளெனம் செய்ததுதான் அழுக்கான வேலை. மாஸ்டாவின் இன்டேக் மேனிஃபோல்டில் ஹெட்டோடு சேரும் பாதியை வைத்துக்கொண்டு மீதியை அறுத்தோம். அறுத்த நான்கு வாய்களின் மேல் புதுத் தகடுப் பெட்டியை டிக் வெல்டிங்கில் ஒட்ட வேண்டும். முப்பது வருஷம் ஆயில் ஆவி குடித்த வார்ப்பு அலுமினியம் வெல்டிங்கில் துப்பும். எத்தனை கழுவினாலும் சூடு பட்டதும் உள்ளேயிருந்து கருப்பு கொப்பளித்து வரும். அதைச் சுரண்டி, மறுபடி உருக்கி, மறுபடி சுரண்டி… வெல்டர் எங்களைத் திட்டிய திட்டில் பாதி எனக்குப் புரியவில்லை, நல்லதாகப் போயிற்று. வெல்டிங் செய்யும்போது வளையாமலிருக்க முழுவதையும் ஒரு கனத்த இரும்புத் தகட்டில் போல்ட் போட்டுக் கட்டியிருந்தோம். அப்படியும் கழற்றியதும் முகம் அரை மில்லிமீட்டர் கோணியது. மில்லிங்கில் ஒரு பூச்சு சீவிச் சமன் செய்தோம்.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறந்து காற்றை விடும் கதவான த்ராட்டிலை எங்கே வைப்பது என்பதில் இணையத்தில் பெரிய சண்டையே உண்டு. ரூட்ஸ் ஊதிக்கு முன்னால்தான் வைக்க வேண்டும் என்பது என் கருத்து, மினியிலும் அப்படித்தான். பின்னால் வைத்தால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த கணத்தில் ஊதி மூடிய கதவின் மேல் காற்றைக் கொட்டிக்கொண்டே இருக்கும். முன்னால் வைத்தாலும் ஒரு பைபாஸ் வால்வு வேண்டும். சும்மா நகரும்போது மேனிஃபோல்டில் வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடமே வால்வைத் திறந்து, ஊதி தள்ளிய காற்றை ஊதியின் வாய்க்கே திருப்பி விடும். ஊதி சுற்றும், ஆனால் பளு இல்லை, சூடு இல்லை. மிதித்தால் வெற்றிடம் போய் வால்வு மூடிக்கொள்ளும். அதையும் மினியிலிருந்தே எடுத்தோம்.

எரிபொருள் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது எல்லா பூஸ்ட் வண்டிகளுக்கும் பொது. இன்ஜினின் பழைய கம்ப்யூட்டரையும் கதவுத் தகடு வைத்த காற்று மீட்டரையும் எடுத்துவிட்டு, நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய மெகாஸ்க்விர்ட் என்ற கம்ப்யூட்டரைப் போட்டோம். நிமிடத்துக்கு 300 சிசிக்கு மேல் விடும் இன்ஜெக்டர்கள். நிதானமாகப் போகும்போது காற்று எரிபொருள் விகிதம் 14.7, முழு பூஸ்ட்டில் 12-க்குக் கீழே. காற்றுச் சூடு அளக்கும் சென்சாரை மட்டும் சார்ஜருக்குப் பின்னால், பிளெனத்தில் வைக்க வேண்டும். முன்னால் வைத்தால் அது ஊர்க் காற்றின் சூட்டைத்தான் சொல்லும், பிஸ்டன் பார்க்கும் சூட்டை அல்ல.

இனி பெல்ட். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

சார்ஜரைச் சுற்ற எவ்வளவு சக்தி வேண்டும் என்று கணக்குப் போட்டால் பயமாக இருக்காது. வினாடிக்கு சுமார் 137 லிட்டர் காற்று, 0.4 பார் அழுத்தம்: 5.5 கிலோவாட். உராய்வு எல்லாம் சேர்த்தால் 7, 8 கிலோவாட், பத்துக் குதிரைத்திறன். ஆறு வரி பெல்ட் இதைச் சிரித்துக்கொண்டே இழுக்க வேண்டும். ரோலிங் ரோடில், அதாவது வண்டியை நிற்க வைத்தே ஓட்டித் திறன் அளக்கும் உருளைகளில், முதல் முறை ஏற்றியபோது பூஸ்ட் 5,000 ஆர்பிஎம் வரை ஒழுங்காக 0.38 வரை ஏறியது. அதற்குமேல் ஏற வேண்டியது இறங்கியது. 6,500-இல் 0.29.

ரூட்ஸ் ஊதியில் வேகம் ஏற ஏறக் கசிவின் பங்கு குறையும். பூஸ்ட் விழக் காரணமே இல்லை. இரண்டே வாய்ப்புகள்: பெல்ட் வழுக்குகிறது, அல்லது சார்ஜரின் வாயில் காற்று போதாமல் திணறுகிறது. ரோலிங் ரோடுக்காரர் ஏர் ஃபில்டரையும் த்ராட்டிலையும் சந்தேகித்தார். நண்பரோ உடனே பெரிய த்ராட்டில் வாங்கக் கிளம்பிவிட்டார். பெரியவர் ஒரு துண்டு பிரதிபலிக்கும் டேப்பைச் சார்ஜர் புல்லியில் ஒட்டி, சுற்றும் வேகத்தை அளக்கும் ஒளி டாக்கோமீட்டரைப் பிடித்துக்கொண்டு, “இப்போது ஓட்டுங்கள்” என்றார். 4,800 வரை சார்ஜர் சரியாக 1.6 மடங்கு. அதற்குமேல் 1.5, பிறகு 1.4. த்ராட்டில் வாங்கும் பணம் மிச்சம்.

ஏன் வழுக்குகிறது? பெல்ட்டை இன்னும் இறுக்கு என்பதுதான் எல்லோர் வாயிலும் முதலில் வரும் பதில். இறுக்கினால் சார்ஜர் மூக்குப் பேரிங்கும் கிராங்க்கின் முன் பேரிங்கும் சேர்ந்து அழும். ஃபோனை இன்ஜின் அறையில் கட்டி, மெதுவோட்டமாக வீடியோ எடுத்துப் பார்த்தோம். முழுப் பளுவில் சார்ஜரின் மூக்கு கிராங்க்கை நோக்கித் தலை வணங்குவது கண்ணுக்கே தெரிந்தது. பிராக்கெட் 10 மிமீ தகடு. உடைவதற்கு அதன் பலத்தில் பத்தில் ஒரு பங்குகூட அந்த இழுப்பு இல்லை. ஆனால் உடையாமலிருப்பது வேறு, வளையாமலிருப்பது வேறு. தகடு உடையாமல் ஒரு மில்லிமீட்டர் வளைந்தாலே இரண்டு கெடுதல்: பெல்ட்டின் இறுக்கம் தளர்கிறது, புல்லியின் முகமும் கோணுகிறது. 200 மிமீ இடைவெளியில் 1 மிமீ கோணினால் 0.3 டிகிரி, வரிப் பெல்ட் அதிலேயே கீச்சிடத் தொடங்கும். நின்றிருக்கும் வண்டியில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் எல்லாம் நேராகவே இருக்கும் என்பதுதான் கொடுமை.

தகட்டைத் தடிமனாக்குவதைவிட வடிவத்தை மாற்றுவதே பயன். தட்டையான பிராக்கெட்டின் முதுகில் செங்குத்தாக முக்கோண விலா ஒன்று வைத்து வெல்டிங் செய்தோம். சார்ஜரின் மூக்குப் பக்கத்திலிருந்து பிளாக்கில் காலியாக இருந்த ஒரு போல்ட் துளைக்கு ஒரு கட்டுக் கம்பி கொடுத்தோம். ஐட்லரை நகர்த்தி, சார்ஜர் புல்லியைப் பெல்ட் இன்னும் அதிகமாகச் சுற்றித் தழுவும்படி செய்தோம். போல்ட் முறுக்கி இறுக்கும் டென்ஷனரைத் தூக்கிவிட்டு, எந்தப் பாகக் கடையிலும் கிடைக்கும் ஸ்பிரிங் டென்ஷனர் ஒன்றைப் போட்டோம். அதை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்பது முக்கியம். பெல்ட் கிராங்க்கை நோக்கி வரும் பக்கம் இழுபடும் பக்கம். கிராங்க்கிலிருந்து கிளம்பிப் போகும் பக்கம் தொய்வான பக்கம். டென்ஷனர் தொய்வில்தான் உட்கார வேண்டும். மறுபக்கம் வைத்தால், மிதித்ததும் பெல்ட்டே ஸ்பிரிங்கைத் தள்ளித் தனக்குத் தானே தொய்வு ஏற்படுத்திக்கொள்ளும்.

அதற்கப்புறம் டாக்கோமீட்டர் 7,000 வரை 1.6-ஐ விட்டு நகரவில்லை. பூஸ்ட் 0.41. வேகமாகக் கியர் மாற்றும்போது மட்டும் ஒரு சின்ன ‘கீச்’ கேட்கிறது. இன்ஜின் வேகம் சட்டென்று விழும்போது சார்ஜர் உருளைகள் விழ மனமில்லாமல் சுற்றுகின்றன. அந்தக் கணத்தில் அவைதான் கிராங்க்கை இழுக்கின்றன. இழுபடும் பக்கமும் தொய்வுப் பக்கமும் இடம் மாறி, டென்ஷனர் துள்ளுகிறது. தொழிற்சாலையில் செய்த மினிகளிலேயே இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், அதனால் விட்டுவிட்டோம்.

திறன் 150 குதிரையை ஒட்டி வந்தது. எண்ணைவிட அது வரும் விதம்தான் பிடித்திருந்தது. மூன்றாவது கியரில் 2,500-இல் மேடு தொடங்கும்போது மிதித்தால் முன்பு இன்ஜின் முணுமுணுக்கும். இப்போது பானெட்டுக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய ஊளை எழும்பி, வேகத்தோடு சுருதி ஏறிக்கொண்டே போகிறது. நண்பரின் மனைவிக்கு அந்தச் சத்தம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பெட்ரோல், ஊருக்குள் நிதானமாகப் போனால் முன்புபோலத்தான். பைபாஸ் வால்வு தன் சம்பளத்துக்கு வேலை செய்கிறது. மேட்டில் ஆசை தீர மிதித்தால் கணக்கு வேறு.

சட்டப் பக்கம்: பிரிட்டனில் இப்படி மாற்றினால் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் ஓட்டினால் விபத்தின்போது பாலிசியை நம்ப முடியாது. பிரீமியம் ஏறியது, எதிர்பார்த்ததுதான். வருடாந்திர சோதனையில் புகைக்குச் சிக்கல் வரவில்லை. 1992 ஆகஸ்டுக்கு முன் சாலைக்கு வந்த வண்டிகளுக்கு வரம்பு தளர்வு. தமிழ்நாட்டில் செய்யலாமா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்திலிருந்து ஆர்சி விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. பொதுச் சாலைக்கு அங்கே வழியில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பர் இப்போது மினிக்காரர்கள் வாங்கும் 15 சதவீதம் சிறிய சார்ஜர் புல்லியின் விலையைப் பார்த்து வைத்திருக்கிறார். தேயும் பாகம், கடையில் கிடைக்கிறது, பெரியவரின் சட்டப்படி தப்பில்லை என்று வாதாடுகிறார். மாட்டினால் விகிதம் 1.88 ஆகும், சார்ஜர் 13,200-இல் சுற்றும், அதுவும் தாங்கும். ஆனால் பூஸ்ட் 0.65 பாரைத் தொட்டால் பிளெனத்துக்குள் போகும் காற்று நூறு டிகிரியைத் தாண்டும். அதற்கு இன்டர்கூலர் வேண்டும், இன்டர்கூலருக்குக் குழாய் வேண்டும், குழாய்க்கு இடம் வேண்டும். இடம் எங்கே இருக்கிறது என்று காட்டினால் வரைந்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனபோது ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு காலணிப் பெட்டியை வைத்து அளந்துகொண்டிருந்தார்.